ஆட்டிவிட ஒரு ஆள்

அந்தக் கல்லை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடுங்கண்ணே. பின்சக்கரத்துக்கு. காலாலேயே தள்ளலாம். ஆங், போதும். வண்டி நகராது, பயப்படாதீங்க. கியரிலும் போட்டிருக்கேன். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீங்க, அது சும்மா பேருக்கு இருக்கு.

இப்ப என் சீட்டில் ஏறி உட்காருங்க. கதவை முழுசாகச் சாத்த வேண்டாம், சாத்தினால் உள்ளேயிருந்து திறக்காது. உட்கார்ந்தாச்சா? நான் கீழே படுத்துக்கிறேன். நான் சொல்லும்போது ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆட்டணும். திருப்பக் கூடாது, ஆட்டணும். சக்கரம் திரும்புவதற்கு முன்னாடி சும்மா ஒரு ஆட்டம் ஆடுது பாருங்க, நாலு விரல் அகலத்துக்கு, அதை மட்டும்.

போன வளைவில் நீங்க மேலே இருந்த கம்பியைப் பிடிச்சதைப் பார்த்தேன். அதுக்காகத்தான் நிறுத்தினேன். வத்தலக்குண்டில் இறக்கிவிடுறேன்னு சொல்லித்தானே ஏற்றினேன், இறக்கிவிடுறேன். பஸ் வர நேரம் இருக்கு. அது வந்தாலும் இந்த வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பாது, காதில் விழும்.

ஆட்டுங்க.

நிறுத்துங்க. இடது டை ராட் எண்ட், அதான் சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் முனை, ஆடலை. எப்படி ஆடும்? புதுசு. நேற்று ராத்திரிதான் போட்டேன். 

தையல் மிஷின் ரிப்பேர்னு சொன்னீங்கல்ல, அப்ப உங்களுக்கு விளக்க வேண்டாம். ஒரு ஜாயிண்டில் பிளே, அதான் ஆட்டம், இருந்தால் உங்களுக்குத் தையல் கோணும். எனக்கு ரோடு கோணும். ஸ்டியரிங்கில் இருந்து சக்கரம் வரைக்கும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான். எங்கேயோ ஒரு கை தளர்ந்திருக்கு. எந்தக் கை என்று கண்ணால் தெரியாது. மேலே ஒரு ஆள் ஆட்டணும், கீழே ஒரு ஆள் படுத்து ஒவ்வொரு ஜாயிண்டாகக் கையை வைத்துப் பார்க்கணும். எந்த இடத்தில் கை துடிக்குதோ அங்கேதான் ஆட்டம். இரண்டு ஆள் வேலை. மேலே உட்கார்ந்தால் கீழே ஆள் இல்லை, கீழே படுத்தால் மேலே ஆள் இல்லை, இப்படித்தான் எனக்குப் பொழுது போகுது. இன்றைக்கு நீங்க மாட்டினீங்க.

ஆட்டுங்க. வேகம் வேண்டாம். ஒரே அளவாக.

நாகஜோதி ஆட்டுவாள் பாருங்க, கடிகாரம் மாதிரி ஆட்டுவாள். என் வீட்டுக்காரி. உங்களைக் குறை சொல்லலை, கோவிச்சுக்காதீங்க. அவள் கை அப்படி. வண்டி வாங்கினதில் இருந்து என்கூடத்தான் வருவாள். சவ்சவ் மூட்டை, மலைவாழைத் தார், எதுவானாலும் எடை போடுவது அவள், தார்ப்பாய் கட்டுவது அவள், மூட்டைக்கு ஒரு பக்கம் தோள் கொடுப்பது அவள். மற்ற நேரமெல்லாம் கேபினில் ராணி மாதிரி உட்கார்ந்து வருவாள். எத்தனை பொம்பளைக்குக் கிடைக்கும் அந்த வாழ்க்கை?

எனக்கு இந்த வேலை யாரும் சொல்லிக் கொடுக்கலை. ராத்திரி லோடு ஏறும்வரை மார்க்கெட்டில் சும்மாதானே கிடப்பேன். அப்போது கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டதுதான். கற்றுக்கொண்டவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், இன்னொருத்தன் கையில் வண்டியைக் கொடுக்க மனசு வராது.

ஆட்டம் ஆரம்பித்தபோது முதலில் டை ராட் எண்ட் என்று நினைத்தேன். மாற்றினேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் கிங் பின், சக்கரம் திரும்புகிற ஆணி. அதைக் கழற்ற நான் பட்ட பாடு எனக்கும் அந்தச் சுத்தியலுக்கும்தான் தெரியும். அதுவும் மாற்றினேன். வீல் பேரிங்கை இறுக்கினேன். ஸ்டியரிங் பாக்ஸ் தலையில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதை ஒரு முறுக்கு முறுக்கினேன். ஆட்டம் நின்றது. ஆனால் வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் திரும்பி வர மாட்டேன் என்றது. நானே கையால் இழுத்து நேராக்கணும். மறுபடி தளர்த்திவிட்டேன். ஆட்டமும் மறுபடி வந்தது, சொந்தக்காரன் மாதிரி.

ஒவ்வொரு தடவையும் மேலே அவள்தான். ஆட்டுவாள். ஆனால் வாய் சும்மா இருக்காது. "இந்தா பாருங்க, என் காலுக்குக் கீழ டிக் டிக்குன்னு அடிக்குது" என்பாள்.

"பலகை அடிக்கும். நீ ஆட்டு."

"பலகை இல்ல, பலகைக்கு அங்கிட்டு. இந்தக் கம்பி போயி ஒரு பெட்டில முடியுதுல்ல, அந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கிற இடமே அசையுது."

கேட்டுக்கோங்க. பெட்டி உட்கார்ந்திருக்கிற இடம். பெட்டி என்றால் ஸ்டியரிங் பாக்ஸ். அது எதில் உட்கார்ந்திருக்கு? சேஸில். நீளமாக இரண்டு இரும்பு ஓடுது பாருங்க, அதுதான் சேஸ், வண்டிக்கு முதுகெலும்பு. அதில் போல்ட் போட்டுப் பாக்ஸை முடுக்கியிருக்கு. அந்தச் சேஸ் அசையுது என்கிறாள் இவள்! கேபினில் உட்கார்ந்துகொண்டு, காலால் கண்டுபிடித்தாளாம்.

"ஏன், உனக்குக் காலில் காது முளைச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தலையில இருக்கறதே கேக்கலையே" என்றாள்.

பேச்சில் ஜெயிக்க முடியாது அவளை.

ஆட்டுங்க, ஆட்டுங்க. ஏன் நிறுத்திட்டீங்க? வலது எண்டும் ஆடலை. சரி, நான் கொஞ்சம் நகர்ந்துக்கிறேன்.

அந்தச் சேஸைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வண்டியை நான் வாங்கினதே அதற்காகத்தான். அப்பவே பழைய வண்டி. பாடி ஓட்டை, சீட்டில் எலிக்கூடு, கண்ணாடி இறங்காது. வாங்காதேன்னு சொல்லாத ஆள் இல்லை. நான் ஸ்பேனரை எடுத்து அடியில் நுழைந்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சேஸைத் தட்டிக்கொண்டே போனேன். கணீர் கணீர் என்றது. ஒரு இடத்தில் சத்தம் மாறலை. கோயில் மணி தோற்றுப் போகும். வெளியே வந்து, "வண்டி என்னுது" என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அடியில் படுத்து நானே தார் பெயிண்ட் அடிப்பேன். ஒரு கோட் இல்லை, மனசு நிறைகிறவரை. தண்ணி ஒரு சொட்டு இரும்பைத் தொடாது. நீங்க இருக்கிற இடத்திலிருந்து தெரியாது, இங்கே பார்த்தால் எருமை முதுகு மாதிரி மினுமினுன்னு இருக்கு.

வத்தலக்குண்டில் இருதயராஜ் என்று ஒரு மெக்கானிக். நல்ல வேலைக்காரன், நாக்குதான் நீளம். ஒரு நாள் டீ குடிக்கும்போது ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "வண்டியக் கொண்டாந்தா வேல பாக்கலாம்ணே. கதையக் கொண்டாந்தா டீதான் வாங்கித் தர முடியும்" என்றான். சரி என்று கொண்டுபோனேன். குழிக்குள் இறங்கி லைட் அடித்துப் பார்த்தான். "என்னண்ணே இது, வண்டியா தார் ரோடா? பாக்ஸ் மாட்டுன பக்கம் இதையெல்லாம் சுரண்டிக்கிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்றான். 

சுரண்டுவதாம். நான் வருஷக்கணக்காக அடித்ததை. வண்டியை ரிவர்ஸ் எடுத்து வந்துவிட்டேன். நாகஜோதியும் கூட இருந்தாள். எங்க ஊர் தாண்டிக்குடி வந்ததும், "அவரும் அந்த இடத்தத்தான சொன்னாரு" என்றாள். "இரண்டு பேரும் பேசி வெச்சிருக்கீங்களா?" என்றேன். இறங்கிப் போய்விட்டாள்.

ஆட்டுங்க.

பாக்ஸையே மாற்றிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். மதுரையில் உடைத்து விற்கிற இடத்தில் தேடி, நல்ல பாக்ஸ் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். ஆமாம், அந்தப் போல்ட்டெல்லாம் நான்தான் கழற்றினேன், நான்தான் முடுக்கினேன். அந்த இடத்தைப் பார்க்காமலா இருப்பேன்? தார்தான் தெரிந்தது. தார் நன்றாக இருந்தால் இரும்பும் நன்றாகத்தானே இருக்கும்?

அதற்கப்புறம்தான் அந்த மழைநாள். முழு லோடு சவ்சவ். இதே ரோடு, இன்னும் கொஞ்சம் கீழே, ஒரு பலாமரம் வரும் பாருங்க, அந்த வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கை திரும்பியது. வண்டி நேராகப் போனது. ஒரு நொடிதான். அப்புறம் பிடித்துக்கொண்டது, திரும்பியது, மலைப்பக்கம் மண்ணில் போய் முட்டி நின்றது. மலைப்பக்கம்ணே. பள்ளத்துப் பக்கம் இல்லை. சாமி இருக்குன்னு அர்த்தம். ஒரு மூட்டை அவிழ்ந்து சவ்சவ் ரோடெல்லாம் உருண்டது. 

அவள் கத்தவில்லை. அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கத்துகிற பொம்பளைதான். கத்தவில்லை. இறங்கி, மழையில் நின்று, ரோட்டில் கிடந்ததெல்லாம் பொறுக்கி மூட்டையில் போட்டுக் கட்டினாள். கட்டிவிட்டு என்கிட்ட வந்தாள்.

"ஒரு தடவ கீழ படுத்து அந்த இடத்தப் பாருங்க."

"எந்த இடம்?"

"நான் சொன்ன இடம்."

"மழையில் படுக்கச் சொல்றியா?"

"நானும் மழையிலதான் நிக்கிறேன்" என்றாள். நான் வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். "நான் பஸ்ல வரேன்" என்றாள்.

வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் விடுவேனா? அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு வளைவு பிசகாமல், ஒரு கோடு தாண்டாமல். வண்டிக்கு ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியணுமில்லையா? பின்சீட்டில் இருந்தவர்களெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர்கூடக் கையை நீட்டி, "முந்திப் போய்யா" என்றான். அவள் மட்டும் திரும்பவே இல்லை.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அவள் தம்பி வெள்ளைச்சாமி டீக்கடை வைத்திருக்கிறான். நேராக உள்ளே போனாள், சேலையை உதறிச் செருகினாள், கிளாஸ் கழுவ ஆரம்பித்தாள். கோபத்தில் கழுவுகிறாள், கழுவட்டும் என்று நினைத்தேன். இன்னும் கழுவிக்கிட்டு இருக்காள்ணே.

நான் போகாமல் இல்லை. ஏதாவது மாற்றினால் உடனே போய்ச் சொல்வேன். "டிராக் லிங்க் மாத்திட்டேன்" என்பேன். "எங்க இருந்துச்சு ஆட்டம்?" என்று கேட்பாள். "டிராக் லிங்கில்தான்" என்பேன். "சரி" என்பாள். அடுத்த கிளாஸை எடுப்பாள். எப்போது போனாலும் அந்த ஒரு கேள்விதான். சாப்பிட்டீங்களா என்று கேட்க மாட்டாள். வீட்டில் யார் சமைக்கிறது என்று கேட்க மாட்டாள். எங்க இருந்துச்சு ஆட்டம்?

வெள்ளைச்சாமிக்கு அதில் ஒரு சந்தோஷம். கூட்டம் இருக்கும்போதுதான் சொல்வான், "என்ன மச்சான், அக்காவக் கூட்டிட்டுப் போக வண்டி கொண்டாந்தீங்களா, தொட்டில் கொண்டாந்தீங்களா? இந்த ஆட்டு ஆட்டுதே!" டீ குடிக்கிறவனெல்லாம் சிரிப்பான். அவன்தான் அவளை ஏற்றிவிடுகிறான். இல்லையென்றால் ஒரு ஸ்டியரிங்குக்காக எவளாவது வீட்டை விட்டுப் போவாளா? சொல்லுங்க. குடிக்கிறேனா, அடிக்கிறேனா? ஒரு சொல் கேட்கலையாம். ஒரே ஒரு சொல்.

இன்றைக்கு ஏன் இந்த அவசரம் என்றால், அவள் திருப்பூர் போகிறாள். வெள்ளைச்சாமி மகள் அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறாள். ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் வேணுமாம். சாயங்காலம் பஸ். அங்கே போய்விட்டால் வர மாட்டாள், எனக்குத் தெரியும். நேற்று போன் பண்ணினேன்.

"அந்த இடத்தப் பாத்தீங்களா?"

"ஆட்ட ஆள் இல்லாமல் எப்படிப் பார்க்கிறது? நீ வந்து ஆட்டு, பார்க்கிறேன்."

"பாக்குறதுக்குத்தான் ஆள் வேணுமா? ஆள் இல்லாமலா இத்தன நாளா ஓட்டுறீங்க?" என்றாள். அப்புறம், "பாத்துட்டு வாங்க. பாத்தேன்னு சொன்னா நான் வரேன். வண்டி வேணும்னுகூட இல்ல" என்றாள். வைத்துவிட்டாள்.

வண்டி வேண்டாமாம்! அப்புறம் எதில் வருவாள்? நடந்தா? இவர்கள் பேச்சுக்கு அர்த்தமே கிடையாதுண்ணே. நான் ராத்திரியோடு ராத்திரியாக இந்த டை ராட் எண்ட் இரண்டையும் மறுபடி புதுசாக மாட்டிக் கிளம்பினேன். போய், சரியாகிவிட்டது, ஏறு என்று சொல்லிக் கூட்டி வந்துவிடலாம் என்று. அதற்குள் அந்த வளைவில் இப்படி.

ஆட்டுங்க. இன்னும் கொஞ்சம்.

என்ன?

சரியாகக் கேட்கலை. உங்க கால்கிட்டயா? டிக்குன்னு?

நாகஜோதி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்து ஏற்றிவிட்டாளாண்ணே? சும்மா கேட்டேன். பலகைதான். எல்லாப் பழைய வண்டியிலும் அடிக்கும். பலகை இல்லையா? அங்கிட்டா?

தையல் மிஷின்காரர் காலில்தான் வேலை பார்ப்பீங்க. உங்க காலுக்கும் காது இருக்கும்போல.

சரி. பார்க்கிறேன். நீங்க சொன்னதுக்காகப் பார்க்கிறேன். இந்தப் பக்கம் தலையை வைத்து நான் படுத்ததே இல்லை. சைலன்சர் குழாய் இடிக்குது. ம். ஆட்டுங்க.

ஆட்டுங்க.

மெதுவாக.

நிறுத்துங்க.

...

இல்ல, ஒன்றும் இல்லை. கண்ணில் மண் விழுந்துடுச்சு. இன்னொரு தடவை ஆட்டுங்க. நல்லா, முழுசா ஆட்டுங்க.

தார் கீறியிருக்கு. கோடு மாதிரி. போல்ட்டுக்கு அடியில் ஆரம்பித்து மேலே போகுது. நீங்க ஆட்டும்போது வாயைத் திறந்து திறந்து மூடுது. பாக்ஸ் மொத்தமும் முன்னாடி சாயுது, அப்புறம்தான் மற்றதெல்லாம் அசையுது. இருங்க, நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன். நகம் உள்ளே போகுதுண்ணே.

போகுது.

போதும், கையை எடுத்துடுங்க. ஆட்ட வேண்டாம். இறங்குங்க.

இந்த விரிசல் இப்ப விட்டதுண்ணே. அந்த வளைவில் ஒரு பள்ளம் வந்ததில்ல, அதில் விட்டிருக்கு. துருவா? உள்ளே சிவப்பாக இருக்குதான். செம்மண்ணாகக்கூட இருக்கலாம். துருவாகவே இருக்கட்டும், இந்த மலையில் பனிக்குத் துரு ஒரே ராத்திரியில் பிடிக்கும், நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் சொன்னபோது இது இல்லை. நிச்சயமாக இல்லை. தட்டிப் பார்த்து வாங்கினவன் நான். அவள் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அது இன்றைக்கு இப்படி வந்து சேர்ந்திருக்கு. 

வெல்டிங் வைக்கலாமான்னு கேட்கிறீங்க. வைக்கலாம். பக்கத்தில் விடும். அதுக்குப் பக்கத்தில் வைக்கலாம், அதுக்கும் பக்கத்தில் விடும். டை ராட் என்றால் கழற்றி மாற்றலாம். பாக்ஸ் என்றால் மாற்றலாம். இதை எதோட மாற்றுவது? இது போனால் வண்டி போச்சு.

ஏறுங்க, போகலாம். மெதுவாக உருட்டிக்கொண்டே போயிடலாம். இன்னும் கொஞ்சம் வளைவுதான்.

ஏன் பையை எடுக்கிறீங்க?

ஓ. பஸ்ஸிலா. சரி. தப்பில்லை. அவளும் அப்படித்தான் சொன்னாள்.

அது ஹாரன்தான். மேல் வளைவில் வருது. கை காட்டினால் நிறுத்துவான். அண்ணே, ஒரு உதவி. பஸ் என்னைவிட முன்னாடி போயிடும். பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் பழக்கடைக்கு அடுத்த டீக்கடை. வாசலில் டிரம் பக்கத்தில் ஒரு பொம்பளை கிளாஸ் கழுவிக்கிட்டு நிற்பாள். உயரமாக இருப்பாள். கிளாஸைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், அதை வைத்தே அடையாளம் தெரியும். வண்டி சரியாயிடுச்சு, பின்னாலேயே வர்றார், திருப்பூர் பஸ் ஏற வேண்டாம்னு சொல்லுங்க. எங்க இருந்துச்சு ஆட்டம்னு கேட்பாள். கேட்காமல் இருக்க மாட்டாள். டை ராட் எண்டுன்னு சொல்லுங்க. இரண்டு பக்கமும் புதுசு போட்டாச்சுன்னு சொல்லுங்க. நீங்களே மேலே உட்கார்ந்து ஆட்டினீங்கல்ல, உங்க வார்த்தையை நம்புவாள்.

அந்த இடத்தைப் பற்றி வாயே திறக்காதீங்க. 

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? சொன்னால் வந்துவிடுவாள் என்கிறீங்களா? வருவாள். எனக்குத் தெரியாதா? வந்து, ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையில் நிற்கிறதுக்கு அவள் திருப்பூருக்கே போகட்டும்.

பஸ்காரன் வந்துட்டான். கை காட்டுங்க, கை காட்டுங்க. டை ராட் எண்ட். மறந்துடாதீங்க.

அண்ணே, ஏறுறதுக்கு முன்னாடி அந்தக் கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் போங்க. சக்கரத்துக்கு வைத்தோமே, அந்தக் கல்லு.

எடுக்க மாட்டீங்களா?

சரி. போங்க. நானே எடுத்துக்கிறேன்.